மருத்துவம் தெரியாது, முழங்கால் வலி வேற: அக்கம்பக்க அவசர உதவிக் குழுவுல நான் சேர்ந்தா பிரயோஜனம் உண்டா?

கேள்வி கேட்டவர் எழுதினது சுருக்கமா இதுதான். அவங்க குடியிருப்புல ஆபத்துக் காலத்துக்குன்னு ஒரு தன்னார்வலர் குழு ஆரம்பிக்கிறாங்க, தீயணைப்புத் துறை ஆளுங்க வந்து பயிற்சி கொடுப்பாங்களாம், இவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு, ஆபீஸ் வேலை, முதலுதவி கூட ஒழுங்கா தெரியாது, முழங்கால் வலி வேற. "சேரலாமா, எவ்வளவு நேரம் ஆகும், உயிருக்கு ஆபத்து உண்டா"ன்னு கேட்டிருக்கார். மேலோட்டமா பார்த்தா மூணு கேள்வி. ஆனா அவர் உண்மையில கேக்கறது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது: நான் போனா உதவியா இருப்பேனா, இல்ல என்னையும் சேர்த்து இன்னொருத்தர் காப்பாத்த வேண்டி வருமா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதறேன். தீயணைப்புல வேலை பார்த்துட்டு அப்புறம் இந்த மாதிரி குழுக்களுக்குப் பல வருஷமா பயிற்சி கொடுத்துட்டு இருக்கேன். டாக்டர் கிடையாது, வக்கீலும் கிடையாது, அதை மனசுல வெச்சுட்டுப் படிங்க.

முதல்ல இந்த ஏற்பாடே எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா உங்க பயத்துக்குப் பாதி பதில் கிடைச்சுடும். 1985 செப்டம்பர் 19 அன்னிக்கு மெக்சிகோ சிட்டில பெரிய நிலநடுக்கம். கட்டடங்கள் சரிஞ்சு விழுந்தது, அரசாங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி பொதுமக்களே வெறுங்கையால இடிபாட்டுக்குள்ள போய் ஆளுங்களை வெளியே இழுத்தாங்க. அவங்க காப்பாத்தினது சுமார் 800 பேர்னு சொல்றாங்க. அந்த முயற்சில செத்துப்போன தன்னார்வலர்கள் சுமார் 100 பேர். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அதைத்தான் பார்த்துச்சு. மக்கள் எப்படியும் ஓடி வரத்தான் போறாங்க, தடுக்க முடியாது, அப்ப சாகாம உதவி பண்ண சொல்லிக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான் சமூக அவசர உதவிக் குழு, சுருக்கமா 'செர்ட்'னு சொல்றது. 1993லேர்ந்து அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல 1989 நிலநடுக்கத்தப்ப மெரினா பகுதில தீப்பிடிச்சு, தரைக்கடியில இருந்த தண்ணிக் குழாயெல்லாம் உடைஞ்சு போய், தீயணைப்புப் படகுலேர்ந்து ஹோஸ் இழுக்கறதுக்குப் பொதுமக்கள்தான் கை கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த ஊருக்குன்னு தனியா அக்கம்பக்கக் குழுக்கள் வந்துச்சு. இந்தியால 2016ல ஆரம்பிச்ச ஆப்தா மித்ராங்கற தன்னார்வலர் பயிற்சித் திட்டமும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்.

அதனால இந்தப் பயிற்சியோட மையமே ஹீரோ ஆகறது இல்ல. அந்த ரெண்டாவது நம்பரை, அந்த நூறை, சின்னதாக்கறதுதான். எங்க நிக்கணும், எங்க உள்ள போகக் கூடாது, எப்ப கையை எடுத்துட்டுப் பின்னாடி வரணும், இதை ஒருத்தருக்குப் பழக்கறதுதான் பயிற்சில பெரும்பகுதி. ஐம்பது வயசும் முழங்கால் வலியும் உள்ள ஆளு இதை இருபது வயசுப் பையனை விட வேகமா கத்துக்கறதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன், ஏன்னா அவருக்கு ஏற்கனவே தன்னால எது முடியாதுன்னு தெரியும்.

சந்தேகமே இல்லாம சொல்லக்கூடியதை முதல்ல சொல்லிடறேன். ஊரையே பாதிக்கற பெரிய பேரிடர் நடந்தா முதல் சில மணி நேரம் உங்க தெருவுக்கு யாரும் வர மாட்டாங்க. இது யாரோட அலட்சியமும் இல்ல, கணக்கு அப்படி. எந்த ஊர்லயும் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சும் சாதாரண நாளுக்குத் தேவைப்படற அளவுக்குத்தான் இருக்கும், ஒரே நேரத்துல ஊர்ல பாதிப் பேர் கூப்பிட்டா எல்லார் வீட்டுக்கும் போக முடியாது, ரோடும் அடைஞ்சு கிடக்கும், போனும் வேலை செய்யாது. 1995 ஜனவரி 17ல ஜப்பான்ல கோபே நிலநடுக்கத்தப்ப இடிபாட்டுலேர்ந்து உயிரோட வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை எடுத்தது வீட்டு ஆளுங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான். அவங்க கிட்ட பெரிய மெஷின் எதுவும் இல்ல. ஆனா அந்த வீட்ல பாட்டி எந்த ரூம்ல படுப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். இந்த ஒரு தகவலுக்காக நாங்க வெளியிலேர்ந்து வர்றவங்க எவ்வளவு நேரம் தவிப்போம்னு உங்களுக்குச் சொல்லி மாளாது.

இன்னொண்ணும் உறுதி. ஆபத்து வந்தா ஜனங்க தலைதெறிக்க ஓடுவாங்க, கொள்ளை அடிப்பாங்கன்னு சினிமால காட்டற மாதிரி பொதுவா நடக்கறது இல்ல. பேரிடர் சமூகவியல்னே ஒரு துறை இருக்கு, என்ரிகோ குவாரன்டெல்லி மாதிரி ஆளுங்க பல பத்தாண்டு ஆராய்ச்சி பண்ணி எழுதினது, பெரும்பாலான ஜனங்க பதறிச் சிதறறது இல்ல, பக்கத்துல இருக்கறவங்களுக்கு உதவத்தான் ஆரம்பிக்கிறாங்கன்னு. ஸ்பாட்ல நானும் அதைத்தான் பார்த்தேன். பிரச்சினை என்னன்னா ஆர்வமா வர்ற நாற்பது பேரும் ஒரே இடத்துல குவிஞ்சு நிப்பாங்க, பத்தடி தள்ளி இன்னொரு வீட்டை யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. குழுன்னு ஒண்ணு இருந்தா இந்த நாற்பது பேரைப் பிரிச்சு அனுப்ப ஒரு ஆள் இருப்பார், யார் எங்க போனாங்கன்னு எழுதி வெக்க ஒரு ஆள் இருப்பார். இந்த எழுதி வெக்கற வேலையைத்தான் புதுசா வர்றவங்க யாரும் எடுத்துக்க மாட்டாங்க, எல்லாருக்கும் ஹெல்மெட்டும் கடப்பாறையும்தான் வேணும்.

அந்த வேலையைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா உங்களுக்கு அதுதான் பொருந்தும்னு நினைக்கிறேன். ஒரு கட்டடத்துக்குள்ள தேடறதுக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும், தனியா போகவே கூடாது, வெளியில ஒரு ஆள் கண்டிப்பா நிக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடி கட்டடத்தைச் சுத்தி வந்து பார்க்கணும், சுவர் சாய்ஞ்சிருக்கா, அஸ்திவாரத்துலேர்ந்து நகர்ந்திருக்கா, கேஸ் நாத்தம் வருதா, தண்ணி எங்கேயாவது ஏறுதா. பெருசா சேதமானதுன்னு தெரிஞ்சா உள்ள போகக் கூடாது, உள்ளேர்ந்து சத்தம் கேட்டாலும் போகக் கூடாது. இதுதான் பயிற்சிலயே ரொம்பக் கஷ்டமான பாடம். போகலாம்னா வாசக்கதவுப் பக்கத்துல சாக்பீஸால சாய்வா ஒரு கோடு போட்டு, நேரம், குழுப் பேர் எழுதுவாங்க, தேடற ஆளுங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். கதவைப் புறங்கையால தொட்டுப் பார்க்கணும், சூடா இருந்தா திறக்கக் கூடாது. உள்ள போனதும் ஒரே பக்கச் சுவரைக் கையால தொட்டுக்கிட்டே போகணும், வலது பக்கம்னா கடைசி வரைக்கும் வலது பக்கம், அப்பத்தான் புகையிலயோ இருட்டுலயோ திரும்பறப்ப வழி தவறாது. "யாராவது இருக்கீங்களா, குரல் கேட்டா தட்டுங்க"ன்னு கத்திட்டு, எல்லாரும் அப்படியே நின்னு மூச்சைக் கூட அடக்கி கேக்கணும். புதுசா வர்றவங்க கத்துவாங்க, கேக்க மாட்டாங்க. கத்திக்கிட்டே நடப்பாங்க. தரையில நகர்ற செருப்புச் சத்தம், கிளவுஸ் உரசற சத்தம், அதுலயே உள்ளேர்ந்து வர்ற மெல்லிசான தட்டல் அமுங்கிப் போயிடும். வெளிய வந்ததும் இன்னொரு கோடு போட்டு அதை எக்ஸ் ஆக்கணும், கீழ்ப்பக்கம் உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு எழுதணும். இதைப் பார்த்தா அடுத்து வர்றவங்க அந்த வீட்டுல நேரத்தை வீணாக்க மாட்டாங்க.

இப்ப அந்த வெளியில நிக்கற ஆளைப் பாருங்க. அவர் கையில ஒரு பேடும் பென்சிலும். (பேனா வேணாம், மழையில ஓடிடும்.) யார் உள்ள போனாங்க, எத்தனை மணிக்கு, எப்ப வரணும், வரலைன்னா யாரைக் கூப்பிடணும். வாக்கி டாக்கி அவர்கிட்ட. பின்னதிர்வு வந்தா விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய கொண்டு வர்றதும் அவர்தான். உள்ள போன நாலு பேரோட உயிர் இந்த ஒரு ஆளோட கவனத்துல இருக்கு. நான் பயிற்சி நடத்தறப்ப வேணும்னே உள்ள போன ஒருத்தரைப் பின்வாசல் வழியா வெளிய கூட்டிட்டுப் போய் ஒளிச்சு வெப்பேன், வெளியில நிக்கறவர் எவ்வளவு நேரத்துல கண்டுபிடிக்கறார்னு பார்க்க. நல்லா ஓடக்கூடிய, பலசாலிப் பசங்க பல பேர் இதுல கோட்டை விடுவாங்க, வேடிக்கை பார்க்கப் போயிடுவாங்க. ஆபீஸ்ல வருஷக்கணக்கா லெட்ஜர் பார்த்த ஒரு அம்மா கண்ணிமைக்காம நின்னு, "அஞ்சு பேர் போனாங்க, நாலு பேர் சத்தம்தான் கேக்குது, ஒருத்தர் எங்க?"ன்னு கேட்டாங்க. முழங்கால் வலி இந்த வேலைக்குத் தடையே இல்ல.

கனமான ஸ்லாபைத் தூக்கற வேலையும் பார்க்கறவங்க நினைக்கற மாதிரி பலத்துல நடக்கறது இல்ல. நெம்புகோலை ஒரு பக்கம் கொடுத்துக் கொஞ்சமா தூக்கணும், தூக்கின அளவுக்கு உடனே கீழ மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கணும், அப்புறம் இன்னும் கொஞ்சம். கட்டை வைக்காத உயரத்துக்குத் தூக்கவே கூடாது, நெம்பு நழுவினா அடியில இருக்கறவர் மேலதான் திரும்ப விழும். கட்டை வைக்கறவர் கையை அடியில விடாம இன்னொரு கட்டையால தள்ளித்தான் வைக்கணும். ரொம்ப மெதுவான வேலை, பார்த்தா போரடிக்கும். பல மணி நேரமா கால் நசுங்கிக் கிடக்கறவரை அவசரமா விடுவிச்சா இன்னொரு ஆபத்து இருக்கு, நசுங்கின தசையிலேர்ந்து பொட்டாசியம் மாதிரி பொருளெல்லாம் ஒரே நேரத்துல ரத்தத்துல கலந்து இதயம் நின்னு போகலாம். அதனால அந்த மாதிரி கேஸ்ல முடிஞ்ச வரைக்கும் மருத்துவ ஆளுங்க வந்து சொல்றபடிதான் செய்யணும், எத்தனை மணிக்கு மாட்டினார்ங்கறதை எழுதி வெச்சிருக்கறதே பெரிய உதவி.

முதலுதவி தெரியாதேன்னு நீங்க கவலைப்படறீங்க, அது அங்கயே சொல்லிக் கொடுப்பாங்க, சொல்லிக் கொடுக்கறதும் கொஞ்சம்தான். மூச்சுக்குழாய் அடைப்பு, ரத்தப்போக்கு, ஷாக் (உடம்புக்குத் தேவையான ரத்த ஓட்டம் குறைஞ்சு போறது), இந்த மூணும்தான் சீக்கிரம் உயிரை எடுக்கும். ரத்தம் கொட்டினா காயத்து மேலயே சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிக்கணும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கை கால்ல நிக்கவே நிக்காம பீறிட்டா டூர்னிகே பட்டையைக் காயத்துக்கு ரெண்டு மூணு அங்குலம் மேல, மூட்டுல படாம கட்டி, ரத்தம் நிக்கற வரைக்கும் இறுக்கி, கட்டின நேரத்தை எழுதணும். அப்புறம் நாமளா அவுக்கக் கூடாது. இதயம் நின்னு விழுந்த ஒரு ஆளுக்கு மார்பு அழுத்தம் நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் ஆழம். இதெல்லாம் உறுதியான விஷயம், சர்ச்சை இல்ல.

ஆனா பல பேர் ஒரே நேரத்துல அடிபட்டா நிலைமை மாறிடும். அப்ப ஒவ்வொருத்தர் கிட்டயும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம்தான் செலவழிக்க முடியும், யாருக்கு முதல்ல சிகிச்சை வேணும்னு வகை பிரிச்சுட்டு அடுத்தவர்கிட்டப் போயிடணும், மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராதவரை விட்டுட்டுப் போகச் சொல்லுவாங்க. நிறைய பேரைக் காப்பாத்தணும்னா அப்படித்தான்னு பாடத்துல படிக்கறது வேற, ஒரு முகத்தைப் பார்த்துட்டு நகர்றது வேற. இதுக்கு எல்லாராலயும் முடியாது, முடியாதுன்னு சொல்றதுல தப்பும் இல்ல. வகை பிரிக்க 1983லயே கலிஃபோர்னியால உருவாக்கின 'ஸ்டார்ட்' முறை நிறைய இடத்துல இருக்கு, வேற முறைகளும் இருக்கு, எது சிறந்ததுன்னு மருத்துவர்களுக்குள்ளயே இன்னும் வாதம் நடக்குது, ஏன்னா நிஜமான பேரிடர்ல ஆராய்ச்சி பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. உங்க குழுவுக்கு எது சொல்லித் தர்றாங்களோ அதையே எல்லாரும் பிடிச்சுக்கறதுதான் முக்கியம்ங்கறது என் கருத்து. இதுல பயிற்சிக்கு வர்றவங்க கிட்ட எப்பவும் பார்க்கற ஒண்ணு: அலறுறவரைச் சுத்தி ஆறு பேர் நிப்பாங்க, மூலையில சத்தமில்லாம உக்காந்திருக்கறவர்கிட்ட யாரும் போக மாட்டாங்க. அலறுறவருக்கு மூச்சு நல்லா இருக்கு, அதனாலதான் அலற முடியுது.

உயிருக்கு ஆபத்து உண்டான்னு கேட்டீங்க. உண்டு, ஆனா பெரும்பாலும் விதியை மீறறதுல இருக்கு. தீயணைக்கற சிலிண்டர் சின்னதுன்னா பத்து, பதினஞ்சு செகண்டுல காலியாயிடும், முதல் அஞ்சு செகண்டுல தீ அடங்கலைன்னா விட்டுட்டு வெளிய வந்துடணும், வெளிய போற வழி எப்பவும் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். கேஸ் நாத்தம் அடிக்கற வீட்டுல சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. குழாய் கேஸை வால்வுல மூடிட்டா திரும்ப நீங்களா திறக்கக் கூடாது, அதுக்குரிய ஆள் வந்துதான் திறக்கணும். என்-95 மாஸ்க் தூசிக்கு மட்டும்தான், புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது, இதை நம்பிப் புகைக்குள்ள போறவங்க நிறைய. ஓடற வெள்ளத்துல 15 சென்டிமீட்டர் தண்ணியே நிக்கற ஆளைத் தள்ளிடும், 60 சென்டிமீட்டர் ஓட்டம் இருந்தா கார் மிதந்து போயிடும். தண்ணிக்குள்ள இறங்கி மீட்கறது அக்கம்பக்கக் குழுவோட வேலையே இல்ல. கயிறு போடலாம், கம்பு நீட்டலாம், அவ்வளவுதான். முக்கியமா, கூப்பிடாம போகக் கூடாது. டிவியில பார்த்துட்டு வேற ஊருக்கு வண்டி கட்டிட்டுக் கிளம்பற ஆளுங்க அங்க இருக்கறவங்களுக்குச் சாப்பாட்டுக்கும் தூங்கற இடத்துக்கும் கூடுதல் பாரம்தான். உங்க வீட்டு ஆளுங்க பத்திரமான்னு பார்த்த பிறகுதான் தெருவுக்கு வரணும், இது சுயநலம் இல்ல, பயிற்சிலயே முதல் விதி.

மனசு விஷயம் கொஞ்சம். அடிபட்டவங்க, ஆளை இழந்தவங்க கிட்ட என்ன பேசறதுன்னு பயப்பட வேணாம். உலக சுகாதார நிறுவனம் 2011ல வெளியிட்ட கையேட்டுல சொல்றது எளிமையானது: நிலைமையைப் பாரு, காது கொடுத்துக் கேளு, தேவையான உதவியோட சேர்த்து விடு. "எல்லாம் சரியாயிடும்"னு சொல்லாதீங்க, உங்களுக்கு அது தெரியாது. தண்ணி கொடுங்க, பக்கத்துல உக்காருங்க, கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க. சம்பவம் முடிஞ்ச உடனே எல்லாரையும் உக்கார வெச்சு நடந்ததை ஒண்ணு விடாம பேச வைக்கற வழக்கம் முன்னாடி இருந்துச்சு, அது பலன் தர்றது இல்ல, சிலருக்குக் கெடுதல் கூடப் பண்ணலாம்னு தெரிஞ்ச பிறகு இப்ப பரிந்துரைக்கறது இல்ல. பேசணும்னு தோணறவர் பேசட்டும், தோணாதவரை விட்டுடுங்க. வாரக்கணக்குல தூக்கம் வரலைன்னா மட்டும் டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

நேரம் எவ்வளவுன்னா, செர்ட் மாதிரி அடிப்படைப் பயிற்சி மொத்தம் இருபது மணி நேரத்துக்கு மேல கொஞ்சம் வரும், வாரக்கடைசில பிரிச்சு நடத்துவாங்க. ஆப்தா மித்ராவுல 12 நாள். ஆனா உண்மையான செலவு அதுக்கப்புறம்தான். மார்பு அழுத்தம் மாதிரி திறமையெல்லாம் சில மாசத்துலயே மங்க ஆரம்பிச்சுடும், திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் நிக்கும். சர்டிஃபிகேட் வாங்கி மாட்டி வெச்சுட்டு மூணு வருஷம் கழிச்சு கடப்பாறையைத் தூக்கறவர் பயிற்சி இல்லாதவரை விட ஆபத்து, அவருக்குத் தெரியும்னு நம்பிக்கை இருக்கும் பாருங்க. இந்தக் குழுக்களால செத்துப் போறவங்க எண்ணிக்கை இவ்வளவு குறையுதுன்னு கறாரா நிரூபிச்ச ஆராய்ச்சி கம்மி, அதையும் ஒளிக்காம சொல்லிடணும். நான் நம்பறது அனுபவத்தை வெச்சுத்தான். அதே அனுபவத்துல, பாதிக் குழுக்கள் ஆரம்ப உற்சாகம் போனதும் வாட்ஸ்ஆப் குரூப்பா மட்டும் மிஞ்சறதையும் பார்த்திருக்கேன், காலை வணக்கம் போட்டோவோட.

அதனால முதல் கூட்டத்துக்குப் போங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சிலதைக் கேளுங்க. எங்களை யார் கூப்பிடுவாங்க, யாரோட உத்தரவுக்குக் கீழ வேலை செய்யணும், எங்களுக்கு அடிபட்டா செலவு யாரோடது, நாங்க உதவி பண்றப்ப யாருக்காவது கெடுதல் ஆனா சட்டப் பாதுகாப்பு இருக்கா. கடைசி ரெண்டும் நாட்டுக்கு நாடு மாறும், அதனால வாய்ப்பேச்சா இல்லாம எழுத்துல கேளுங்க. ஒத்திகை வருஷத்துக்கு எத்தனை தடவைன்னு கேளுங்க. தெருவுல படுக்கையில இருக்கறவங்க, காது கேக்காதவங்க, ஆக்சிஜன் மெஷின்ல இருக்கறவங்க லிஸ்ட் யார்கிட்ட இருக்கு, அவங்க சம்மதத்தோட எடுத்ததா, எத்தனை மாசத்துக்கு ஒருதரம் சரி பார்க்கறாங்கன்னு கேளுங்க. அந்த லிஸ்ட் இன்னும் இல்லைன்னு சொன்னாங்கன்னா, அதை நான் எடுத்துக்கறேன்னு சொல்லிடுங்க, வீடு வீடா போறதுக்கு மட்டும் மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கற இன்னொருத்தரைக் கூட வெச்சுக்கங்க. பயிற்சி கொடுக்க வர்றவர் கிட்ட முழங்கால் விஷயத்தை முதல் நாளே சொல்லிடுங்க. "பரவாயில்ல சார், சமாளிச்சுக்கலாம்"னு சொல்லிட்டு உங்க கையில கடப்பாறையைக் கொடுத்தார்னா அந்தக் குழு வேணாம், பேடும் பென்சிலும் கொடுத்தார்னா சேர்ந்துடுங்க.